ஃபுல் சிந்தெடிக்கா, செமி சிந்தெடிக்கா: குமரி மாவட்டச் சாலைகளை வைத்து ஒரு முடிவு

சர்வீஸ் நேரம் நெருங்கும்போது கார் வைத்திருக்கும் உறவினர்களும் நண்பர்களும் என்னிடம் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. ஃபுல் சிந்தெடிக் ஆயில் ஊற்றுவதா, செமி சிந்தெடிக் போதுமா? விலை வித்தியாசம் கடையிலேயே தெரிந்துவிடுகிறது. பயனோ இன்ஜினுக்குள் ஒளிந்திருக்கிறது. ஆகவே கடைக்காரர் ஒன்று சொல்லி, மெக்கானிக் வேறொன்று சொல்லி, வெளிநாட்டுக் காணொளிகள் மூன்றாவதாக ஒன்றைச் சொல்லும்போது ஆள் குழம்பிப்போகிறார். என் பதில் எப்போதும் இரண்டு எதிர்க்கேள்விகளில்தான் தொடங்கும்: வண்டியின் கையேட்டில் என்ன எழுதியிருக்கிறது, வண்டி எந்தச் சாலையில் எப்படி ஓடுகிறது? இவ்விரண்டுக்கும் விடை தெரிந்தால், பெரும்பாலான வண்டிகளுக்கு எந்த ஆயில் என்பது தானாகவே முடிவாகிவிடும்.

முதலில் டப்பாவுக்குள் இருப்பது என்ன என்று பார்த்துவிடுவோம். இன்ஜின் ஆயிலில் பெரும்பகுதி அடிப்படை எண்ணெய்; மீதி, தேய்மானத்தைத் தடுப்பது, அழுக்கைக் கரைப்பது, அமிலத்தை முறிப்பது, வெப்பத்தில் ஆயில் நீர்த்துப்போகாமல் காப்பது ஆகிய வேலைகளுக்காகச் சேர்க்கப்படும் ரசாயனங்கள். அடிப்படை எண்ணெயை அமெரிக்கப் பெட்ரோலியக் கழகமான ஏ.பி.ஐ. ஐந்து பிரிவுகளாகப் பகுத்திருக்கிறது. முதல் மூன்றும் கச்சா எண்ணெயிலிருந்து வருபவை. முதல் பிரிவு பழைய முறையில் சுத்திகரித்தது. இரண்டாவது ஹைட்ரஜனைக் கொண்டு மேலும் தூய்மையாக்கியது. மூன்றாவது, கடும் அழுத்தத்திலும் வெப்பத்திலும் ஹைட்ரஜனால் மூலக்கூறுகளையே உடைத்து மாற்றி அமைத்தது. நான்காவது பிரிவு எத்திலீனிலிருந்து ஆலையில் கட்டி எழுப்பப்படும் பாலிஆல்ஃபாஓலிஃபின். இவை நான்கிலும் அடங்காத எஸ்டர் போன்றவை ஐந்தாவது. முதலில் சிந்தெடிக் என்று கருதப்பட்டவை கடைசி இரண்டு பிரிவுகள்தான். 1990களில் காஸ்ட்ரால் நிறுவனம் தன் சிந்தெடிக் ஆயிலில் மூன்றாம் பிரிவு எண்ணெயைப் பயன்படுத்தத் தொடங்கியபோது மொபில் நிறுவனம் அதை எதிர்த்து அமெரிக்க விளம்பர ஒழுங்கு அமைப்பிடம் முறையிட்டது. 1999இல் தீர்ப்பு காஸ்ட்ராலுக்குச் சாதகமாக வந்தது. அதன்பின் உலகின் பெரும்பகுதியில் மூன்றாம் பிரிவும் சிந்தெடிக் என்ற பெயரிலேயே விற்பனையாகிறது. நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் ஃபுல் சிந்தெடிக் ஆயில்களும் பெரும்பாலும் அந்த வகையே. இதைக் கேட்டு ஏமாற்று வேலை என்று யாரும் எண்ண வேண்டியதில்லை. நன்றாகச் செய்த மூன்றாம் பிரிவு எண்ணெய், நாம் ஓட்டும் கார்களின் தேவைக்கு நான்காம் பிரிவுக்கு மிக நெருக்கமாகவே வேலை செய்கிறது.

செமி சிந்தெடிக் என்பது இந்த உயர்தர எண்ணெயையும் சாதாரண மினரல் எண்ணெயையும் கலந்தது. எத்தனை பங்குக்கு எத்தனை பங்கு என்று டப்பாவில் அச்சிடுவதில்லை. ஒரு நிறுவனத்தின் கலப்பில் சிந்தெடிக் பாதியளவு இருக்கலாம். இன்னொன்றில் பெயருக்கு மட்டும் இருக்கலாம். அதனால் முகப்பில் இருக்கும் பெரிய எழுத்துகளைவிட, டப்பாவின் பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் இருக்கும் ஏ.பி.ஐ. தர எழுத்துகளையே நான் முதலில் தேடுகிறேன். பெட்ரோல் வண்டிகளுக்கு 2010இல் எஸ்.என். தரமும், 2020இல் எஸ்.பி. தரமும், 2025இல் எஸ்.க்யூ. தரமும் வந்தன. எஸ்.பி. வந்ததற்கு முக்கியக் காரணம், கூடுதல் காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ பொருத்திய சிறிய பெட்ரோல் இன்ஜின்கள். குறைந்த வேகத்தில் ஆக்சிலரேட்டரை அழுத்தி மிதிக்கும்போது, ஸ்பார்க் பிளக் பொறி வைப்பதற்கு முன்பே எரிபொருள் தானாகப் பற்றி பிஸ்டனை உடைக்கும் சிக்கல் இவ்வகை இன்ஜின்களில் இருந்தது. ஆயிலில் அழுக்கைக் கரைக்கச் சேர்க்கும் கால்சியம் சேர்மங்கள் அதைத் தூண்டுகின்றன என்று தெரியவந்ததும், கால்சியத்தைக் குறைத்து மக்னீசியத்தைக் கூட்டினார்கள். வால்வுகள் சரியான நேரத்தில் திறந்து மூட உதவும் டைமிங் செயினின் தேய்மானத்துக்கான சோதனையும் அந்தத் தரத்தோடு சேர்ந்தே வந்தது. இவையெல்லாம் ரசாயனச் சேர்க்கையைச் சார்ந்தவை, அடிப்படை எண்ணெயைச் சார்ந்தவை அல்ல. எனவே கடை அலமாரியில் பல வருடமாகத் தங்கிவிட்ட பழைய தரத்து ஃபுல் சிந்தெடிக் டப்பாவைவிட, எஸ்.பி. தரம் பெற்ற செமி சிந்தெடிக் ஒரு புதிய இன்ஜினுக்கு நல்லது. விலை உயர்ந்ததுதான் சிறந்தது என்று நினைப்பவர்கள் இந்த இடத்தை அவசியம் கவனிக்க வேண்டும்.

அடுத்தது கிரேடு, அதாவது ஆயிலின் தடிமனைச் சொல்லும் குறியீடு. டபிள்யூவுக்கு முன்னால் உள்ள எண் குளிரில் ஆயில் எப்படி ஓடும் என்பதையும், பின்னால் உள்ள எண் சூட்டில் அதன் தடிமனையும் காட்டும்; எண் குறையக் குறைய ஆயில் மெல்லியது. இன்றைய புதிய பெட்ரோல் கார்கள் பலவற்றின் கையேடு 0டபிள்யூ-20 அல்லது 0டபிள்யூ-16 என்று சொல்கிறது. அப்படி எழுதியிருந்தால், ஃபுல் சிந்தெடிக்கா செமி சிந்தெடிக்கா என்ற கேள்விக்கே அங்கு இடமில்லை. அவ்வளவு மெல்லிய ஆயிலைச் சாதாரண மினரல் எண்ணெயைக் கொண்டு செய்தால் இன்ஜின் சூட்டில் அதன் இலகுவான பகுதி ஆவியாகிப் பறந்துவிடும். 250 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்தால் எடையில் 15 சதவீதத்துக்கு மேல் குறையக்கூடாது என்பது எஸ்.பி. தரத்தின் நிபந்தனைகளில் ஒன்று. 0டபிள்யூ வரிசை ஆயில்கள் அதைத் தாண்டி வர வேண்டுமானால் சிந்தெடிக் அடிப்படை இல்லாமல் நடைமுறையில் முடியாது. 15டபிள்யூ-40, 20டபிள்யூ-50 போன்ற பழைய கிரேடுகள் மறுமுனையில் நிற்கின்றன. அவற்றை மினரல் எண்ணெயிலேயே நன்றாகச் செய்துவிடலாம். உண்மையான தேர்வு இருப்பது நடுவில்தான். கையேட்டில் 5டபிள்யூ-30, 10டபிள்யூ-30, 10டபிள்யூ-40 என்று ஒன்றுக்கு மேற்பட்ட கிரேடுகளை அனுமதித்திருக்கும், பத்து பதினைந்து வருடம் ஓடிய கார்களின் உரிமையாளர்களுக்குத்தான் இந்தக் கேள்வி. நம் மாவட்டத்தில் டி.என். 74, டி.என். 75 பலகையோடு ஓடும் கார்களில் அத்தகையவை ஏராளம்.

சிந்தெடிக் ஆயிலின் பெருமையாக விளம்பரங்கள் முதலில் காட்டுவது பனி மூடிய நாட்டில் ஒரே திருகில் கிளம்பும் வண்டியை. மார்கழி அதிகாலையில் நம் வீட்டுத் தேங்காய் எண்ணெய் புட்டிக்குள் உறைந்து நிற்பதைப்போல, மினரல் எண்ணெயில் இருக்கும் மெழுகு கடுங்குளிரில் உறையத் தொடங்கும். ஆனால் 5டபிள்யூ என்பதற்கான சோதனை பூஜ்யத்துக்குக் கீழே 30 டிகிரியிலும், 10டபிள்யூவுக்கானது பூஜ்யத்துக்குக் கீழே 25 டிகிரியிலும் நடக்கிறது. நாகர்கோவிலில் வெப்பநிலை 20 டிகிரிக்குக் கீழே இறங்குவதே அபூர்வம். ஆகவே அந்த ஒரு காரணத்துக்காக மட்டும் நம்மில் யாரும் கூடுதல் பணம் கொடுக்கத் தேவையில்லை. காலையில் முதல் முறை ஸ்டார்ட் செய்யும்போது மெல்லிய ஆயில், இன்ஜினின் மேற்பகுதியில் வால்வுகளை இயக்கும் கேம்ஷாஃப்ட் வரை சற்று விரைவாக ஏறும் என்பது உண்மை. நம் தட்பவெப்பத்தில் அந்த வித்தியாசம் சிறியது.

இதற்கு நேர் எதிரான நம்பிக்கை ஒன்றும் இங்கே வேரூன்றியிருக்கிறது. "நம்ம ஊரு சூட்டுக்கு ஆயிலு கட்டியா இருந்தாத்தான் அண்ணே இன்ஜினு நிக்கும்" என்று ஒரு மெக்கானிக் என்னிடம் மிகுந்த அக்கறையோடு சொன்னார். அவர் கைத்திறனில் எனக்கு நிறைந்த மதிப்பு உண்டு. ஆனால் இந்தக் கருத்தை என்னால் ஏற்க முடியவில்லை. வெளியே வெயில் 34 டிகிரி அடித்தாலும், மழை பெய்து 24 ஆனாலும், ஓடிச் சூடேறிய இன்ஜினில் ஆயில் 90 முதல் 110 டிகிரிக்குள்தான் இருக்கும். குளிர்நீரின் தெர்மோஸ்டாட்டும் ரேடியேட்டர் விசிறியும் அதைப் பார்த்துக்கொள்கின்றன. 5டபிள்யூ-30க்கும் 10டபிள்யூ-30க்கும் 100 டிகிரியில் இருக்க வேண்டிய தடிமன் எல்லை ஒன்றே. கையேடு 30 என்று சொல்லும் இன்ஜினில் 50 ஊற்றினால், வால்வு நேரத்தை மாற்றியமைக்கும் சிறிய ஆயில் வழிகளில் அது தாமதமாகப் போய்ச் சேரும், மைலேஜும் குறையும். சிலிண்டர் தேய்ந்து ஆயில் குடிக்கும் பழைய வண்டிக்கு ஒரு கிரேடு தடித்த ஆயிலை ஊற்றிச் சமாளிப்பது வேறு விஷயம்.

இனி சாலை. நாகர்கோவிலிலிருந்து கிழக்கே ஆரல்வாய்மொழி கணவாயைத் தாண்டி, காவல்கிணற்றில் தேசிய நெடுஞ்சாலை 44ஐப் பிடித்துத் திருநெல்வேலி செல்லும் சாலை ஒரு வகை. மேற்கே தக்கலை, மார்த்தாண்டம், களியக்காவிளை வழியாகத் திருவனந்தபுரம் செல்லும் தேசிய நெடுஞ்சாலை 66 முற்றிலும் வேறு வகை. முன்னதில் வண்டி ஒரே வேகத்தில் ஓடுகிறது. ஆயில் முழுச் சூட்டை அடைந்து, அதில் சேர்ந்த ஈரமும் பெட்ரோல் ஆவியும் வெளியேறிவிடுகின்றன. பின்னதில் வீடும் கடையும் தேவாலயமும் இடைவெளியின்றி இருமருங்கிலும் தொடர, கற்கள் ஏற்றிய டிப்பர் லாரிகளுக்குப் பின்னால் முதல் கியரிலும் இரண்டாம் கியரிலும் ஊர்ந்து செல்கிறோம். மார்த்தாண்டத்தில் மேம்பாலம் வந்த பிறகும் குழித்துறையிலிருந்து களியக்காவிளை வரையிலான நெருக்கடி தீரவில்லை. ஓடோமீட்டர் இந்த இரண்டு பயணங்களையும் கிலோமீட்டரில் மட்டுமே அளக்கிறது. மணிக்குச் சராசரி 60 கிலோமீட்டரில் ஓடும் வண்டி 10,000 கிலோமீட்டரை ஏறக்குறைய 167 மணி நேரத்தில் முடிக்கும். சராசரி 25 கிலோமீட்டரில் ஊரும் வண்டிக்கு அதே தூரத்துக்கு 400 மணி நேரம் ஆகும். இரண்டாவது வண்டியின் ஆயில் இரு மடங்குக்கும் மேலான நேரம் சூட்டில் வெந்திருக்கிறது. எதிர்க்காற்று குறைந்து, சிலிண்டர் தலைப்பகுதி சூடேறி நிற்கும் இத்தகைய ஓட்டத்தில், ஆக்ஸிஜனேற்றத்தை, அதாவது சூட்டில் காற்றோடு சேர்ந்து கெட்டுப்போவதை, தாங்கும் ஆற்றல் சிந்தெடிக் ஆயிலுக்கு அதிகம். மேற்குச் சாலையில் தினமும் வேலைக்குப் போய்வருபவருக்கு, கையேடு செமி சிந்தெடிக்கை அனுமதித்தாலும், ஃபுல் சிந்தெடிக்கைத்தான் நான் சொல்வேன். அல்லது செமி சிந்தெடிக்கை ஊற்றி 7,000 கிலோமீட்டரிலேயே மாற்றிவிட வேண்டும். கணக்குப் பார்த்தால் செலவு ஏறத்தாழ ஒன்றாகவே வரும்.

டர்போ உள்ள வண்டிகளில் நான் எந்தச் சமரசத்துக்கும் தயாரில்லை. டர்போவின் அச்சு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழல்கிறது. அதைத் தாங்குவது ஆயிலின் மெல்லிய படலம் மட்டுமே. நெடும்பயணம் முடித்து வந்த உடனே இன்ஜினை அணைத்தால், ஆயில் ஓட்டம் நின்றுபோக, சூடான அச்சின் மேல் தங்கிய ஆயில் கருகிக் கரியாகப் படியும். சிந்தெடிக் ஆயில் அப்படிக் கருகுவது குறைவு. எந்த ஆயிலாக இருந்தாலும், வீட்டு வாசலில் நிறுத்தி ஒரு நிமிடம் ஓடவிட்டு அணைப்பது நல்ல பழக்கம். 2020 ஏப்ரலுக்குப் பின், பி.எஸ்.6 என்னும் புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த டீசல் கார்களுக்கு இன்னொரு நிபந்தனை சேர்கிறது. புகைக்குழாயில் இருக்கும் கரித்துகள் வடிகட்டியைச் சாம்பல் அடைக்காமல் இருக்க, சாம்பல் குறைவாகத் தரும் ஆயில் வேண்டும். கையேட்டில் ஏ.சி.இ.ஏ. (ஐரோப்பிய வாகன உற்பத்தியாளர் சங்கம்) சி2, சி3 என்று எழுதியிருப்பது இதைத்தான். அந்த எழுத்து டப்பாவில் இல்லையென்றால், ஆயில் எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும் வேண்டாம். இவ்வகை டீசல் வண்டியைச் சந்தைக்கும் பள்ளிக்கும் மட்டும் ஓட்டுபவர்கள், ஆயில் அளவைக் காட்டும் கம்பியான டிப்ஸ்டிக்கை மாதம் ஒருமுறை பார்க்க வேண்டும். வடிகட்டியில் சேர்ந்த கரியை எரிக்கக் கூடுதல் டீசல் தெளிக்கப்படும்போது, எரிப்பு பாதியில் நின்றால் அந்த டீசலில் ஒரு பகுதி ஆயிலில் கலந்து அளவு மேல்கோட்டைத் தாண்டி ஏறும். ஆயில் கூடுகிறதே என்று மகிழ வேண்டிய நேரம் அல்ல அது. உடனே மாற்ற வேண்டிய நேரம்.

சிந்தெடிக் மாற்றினால் பழைய வண்டியில் ஆயில் கசியும் என்ற பயம் ஒரு காலத்தில் பொருளுள்ளதாக இருந்தது. தொடக்கக்கால சிந்தெடிக் ஆயில்கள் ரப்பர் சீல்களைச் சுருக்கின. இன்றைய ஆயில்களில் அதற்கான மாற்று சேர்த்தே வருகிறது. அளவு குறைந்தால் ஒரே கிரேடும் தரமும் உள்ள வேறு நிறுவன ஆயிலை அரை லிட்டர் சேர்ப்பதால் கேடில்லை. பல வருடம் கவனிக்கப்படாமல் உள்ளே கசடு தடித்துப்போன இன்ஜினில் ஃபிளஷ் என்னும் கசடு கரைக்கும் திரவத்தை ஊற்றிக் கழுவுவதற்கு மட்டும் நான் உடன்படமாட்டேன். பெயர்ந்து வரும் கசடு ஆயில் பம்பின் சல்லடையை அடைத்துவிடக்கூடும்.

ஃபுல் சிந்தெடிக் ஊற்றினால் 15,000 கிலோமீட்டர் வரை மாற்ற வேண்டாம் என்ற பேச்சும் உண்டு. முப்பந்தலில் சுழலும் காற்றாலைகளை நாம் பார்த்துக்கொண்டே போகிறோம். அவ்வளவு உயரத்துக்கு ஏறி எண்ணெய் மாற்றுவது எளிதல்ல என்பதால், காற்றாலைகளின் கியர்பெட்டிகளில் பாலிஆல்ஃபாஓலிஃபின் எண்ணெய் ஊற்றி வருடக்கணக்கில் ஓட்டுவது உலகெங்கும் வழக்கம். ஆனால் கியர்பெட்டிக்குள் எதுவும் எரிவதில்லை. கார் இன்ஜினிலோ எரிபொருள் எரிந்து கரியும் அமிலமும் நீரும் ஆயிலில் இறங்கிக்கொண்டே இருக்கின்றன. அடிப்படை எண்ணெய் கெடாமல் இருந்தாலும் அமிலத்தை முறிக்கும் ரசாயனம் தீர்ந்துபோகும். ஆகவே கையேடு 10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம் என்றால், எது முந்துகிறதோ அதுதான் கெடு.

அந்த ஒரு வருடக் கணக்கு நம் மாவட்டத்தில் பலராலும் மறக்கப்படுகிறது. வளைகுடாவில் வேலை பார்ப்பவர்களின் கார்கள் ஆண்டின் பெரும்பகுதி போர்ட்டிகோவில் நிற்கின்றன. என் அண்ணனின் காரும் அப்படித்தான். அம்மாவை ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு அழைத்துப் போகவும், எப்போதாவது வடசேரி சந்தைக்குப் போகவும் மட்டுமே அது வெளியே வருகிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் நீர் உண்டாகிறது. நீண்ட ஓட்டத்தில் அது ஆவியாகப் போய்விடும். இரண்டு மூன்று கிலோமீட்டரில் நிறுத்தினால் அதில் ஒரு பங்கு இன்ஜினுக்குள்ளேயே குளிர்ந்து ஆயிலில் சேரும். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் அடியில் மோர் நிறத்தில் ஒட்டியிருப்பது அதுதான். இப்போது விற்கும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் இருப்பதும், எத்தனால் ஈரத்தை ஈர்ப்பதும் இந்தக் கவலையைக் கூட்டுகின்றன. பேட்டரிக்காக வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து வைப்பது நல்லெண்ணத்தில் செய்யும் காரியம். ஆனால் ஆயிலுக்கு அதைவிடக் கெடுதல் வேறில்லை. பத்து நாளுக்கு ஒருமுறை அரை மணி நேரம் தொடர்ந்து ஓட்டி வந்தால் போதும். வள்ளியூர் வரை நெடுஞ்சாலையில் போய் வருவது இதற்கு மிகவும் ஏற்றது.

எங்கே வாங்குவது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சர்வோ, மேக், காஸ்ட்ரால், ஷெல் என்று எந்த நிறுவனமாக இருந்தாலும், பெட்ரோல் பங்க்கிலோ நிறுவன முகவரிடமோ பில்லோடு வாங்குங்கள். உறையை உங்கள் முன்னே உடைக்கச் சொல்லுங்கள். காலி டப்பாவில் ஓட்டை போட்டுவிட்டு வாருங்கள். நல்ல டப்பாக்களில் கலப்பட ஆயிலை அடைத்து விற்பவர்களுக்கு அந்தக் காலி டப்பாதான் மூலப்பொருள். ஆயில் ஃபில்டரையும், ஆயிலை வடிக்கும் டிரெயின் போல்ட்டின் வாஷரையும் ஒவ்வொரு முறையும் மாற்ற வேண்டும்.

என் காரின் கையேடு 5டபிள்யூ-30 கேட்கிறது, வாரத்தில் பல நாள் தக்கலைக்கு அப்பால் நெரிசலில் ஓடுகிறது, ஆகவே எஸ்.பி. தரத்தில் ஃபுல் சிந்தெடிக் ஊற்றுகிறேன். அண்ணனின் கார் டர்போ இல்லாத பழைய பெட்ரோல் வண்டி. 10டபிள்யூ-30க்கும் அனுமதி உண்டு. ஓடும் தூரமும் குறைவு; எப்படியும் வருடத்துக்கு ஒருமுறை வடித்தே ஆக வேண்டும். அதனால் அதற்குச் செமி சிந்தெடிக்தான் சரி. மிச்சமாகும் பணத்தில் ஏர் ஃபில்டர் வாங்கிவிடலாம். எப்போது மாற்றுவது என்பதில்தான் எங்களுக்குள் கருத்து வேறுபாடு. "நான் வர்றதுக்கு முந்துன வாரம் மாத்தி வச்சிரு தம்பி, வந்தா புது ஆயில்ல ஓட்டலாம்" என்பது அண்ணனின் விருப்பம். விடுமுறையில் ஒரு மாதம் ஓடி, கரியும் அமிலமும் சேர்ந்த ஆயிலை அப்படியே விட்டுவிட்டு அவர் விமானம் ஏறினால், அந்த அமிலம் அடுத்த பதினொரு மாதமும் பேரிங்குகளின் மேல் தங்கியிருக்கும். அவர் கிளம்பிய வாரத்திலேயே சூடாக ஓட்டி வந்து, பழையதை வடித்து, புதிய ஆயிலோடு வண்டியை நிறுத்த வேண்டும் என்று அவரிடம் விளக்கினேன். இந்த முறை அவர் திருவனந்தபுரத்தில் விமானம் ஏறியதும், திரும்பும் வழியிலேயே வண்டியை ஒர்க்‌ஷாப்பில் விடுவதாக முடிவு செய்திருக்கிறோம்.